வராத பூச்சிக்கு ஒரு விண்ணப்பம்

என் மேசை மேல் மேடம் வைத்த அட்டை நீல நிறத்தில், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அளவில் இருந்தது. இரண்டு பக்கமும் பசை. அது தெரியாமல் விரலை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நான் தவித்தபோது, அவர் சிரிக்காமல் கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். எத்தனையோ பேருக்கு அப்படி விட்டுப் பழகிய கை. பிறகு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இதுல ஒண்ணுமே ஒட்டல பாருங்க சார். அதான் விசேஷம்” என்றார். ஒன்றும் இல்லாததைக் காட்டிப் பணம் கேட்க வந்த முதல் ஆள் இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியமே அதைக் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பும் வாங்கினேன்.

ராணிப்பேட்டைக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். லாபத்தில் ஒரு பங்கை ஊர் நன்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஆனபோது, அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாய்ச்சாலகம் உள்ளவன் என்று என்னைப் போட்டார்கள். மேடம் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஓய்வு பெற அப்போது சில வருடங்கள்தான் இருந்தன. மிளகாய்ப் பூவுக்குள் குடியிருக்கும் ஓர் அயல்நாட்டு இலைப்பேனைப் பற்றித்தான் அவர் பேச வந்திருந்தார். எள்ளை விடச் சிறியது, கறுப்பு. வேறு மாநிலங்களில் இறங்கிவிட்டது, நம் பக்கம் இன்னும் வரவில்லை. வெளியூர் நாற்று வந்து இறங்கும் பண்ணைகளிலும், காவேரிப்பாக்கம், நெமிலி பக்கத்து மிளகாய்க் கொல்லைகளிலும் இந்த நீல அட்டைகளைக் கட்டி, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அது எப்படி வருகிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, எதை வைத்துத் தடுக்கலாம் என்று மூன்று வருடம் ஆராய வேண்டும். இதோடு ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்றார். எந்தக் கொல்லையில் முதலில் அகப்படுகிறதோ, அந்தக் கொல்லைக்காரருக்கு அன்றைக்கே பயிரின் விலையைக் கொடுத்து, செடிகளைப் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும். “முதல் ரெண்டு வாரம் அது நம்ம கையில இருக்கும் சார். அதுக்கப்பறம் நாம அது கையில” என்றார்.

எங்களிடம் ஒரு முறை இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘முன்’, மற்றதில் ‘பின்’. இரண்டிலும் போட்டோ ஒட்ட வேண்டும். ஒழுகும் பள்ளிக்கூடம் முன், ஓடு மாற்றிய பள்ளிக்கூடம் பின். கோணல் கண்ணாடி போட்ட பாட்டையா முன், புதுக் கண்ணாடியோடு சிரிக்கும் பாட்டையா பின். தோல் தொழிலில் வளர்ந்த எங்களுக்கு இது இயல்பாகவே பட்டது. சாம்பிளைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்காமல் எந்த வெளிநாட்டுக்காரனும் ஆர்டர் கொடுப்பதில்லை. மேடத்தின் வேலைக்கு முன்னும் பச்சை மிளகாய்ச் செடி, பின்னும் அதே பச்சை மிளகாய்ச் செடி. வேலை நன்றாக நடந்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசமே இருக்காது. இதை நான் சொன்னபோது அவர், “காவல்காரனுக்கு எவ்ளோ திருட்டுப் போச்சின்னு பாத்தா சம்பளம் குடுப்பீங்க?” என்று கேட்டார். பதில் இல்லாதபோது நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். வேடிக்கை பேசினேன். “வரட்டும் மேடம், இன்னா அவசரம்? வந்ததும் நல்லதா ஒரு போட்டோ எடுத்துக்கினு வாங்க” என்றேன். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘வராத பூச்சி மேடம்’ என்று பெயர். வைத்தவன் நான்தான்.

அவர் விடவில்லை. சொந்தச் சம்பளத்தில் அட்டை வாங்கி, பஸ்ஸில் போய், கிடைத்த கொல்லைகளில் கட்டினார். அடுத்த வருடமும் அதே விண்ணப்பத்தோடு வந்தார். நான் பெரிய மனது பண்ணி, ஆராய்ச்சிக்குப் பதிலாக ஓர் உழவர் விழிப்புணர்வு முகாம் நடத்தப் பணம் கொடுத்தேன். முகாம் என்றால் பந்தல் உண்டு, தொப்பி உண்டு, கூட்டத்தைப் படம் பிடிக்கலாம். வந்தவர்கள் தொப்பியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஒரே ஓர் ஆள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். எங்கள் கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவின் மேஸ்திரி.

மேஸ்திரிக்குக் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை ஒட்டியே அவருடைய தங்கை புருஷனின் கொல்லை. இரண்டிலும் மிளகாய். கம்பெனியில் அவர் வேலை, தோலை விரித்து, பழுதுள்ள இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுவது. உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு, சூடு போட்ட வடு என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். வெட்டுகிறவர்கள் வட்டத்தை விட்டு வெட்டுவார்கள். மேடம் பேசியது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்னிடம் வந்து, “நம்ம வேலைதான் சார் இது. பழுத வெட்டறதுக்கு முன்னாடி பாக்கணும். ஷூ தச்சப்பறம் பாத்து இன்னா பிரயோஜனம்?” என்றார். அவருக்கு ஒரு நாளில் புரிந்தது, எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. அட்டையை முதலில் கேட்டு வாங்கிப்போய்க் கொல்லையில் கட்டியவரும் அவர்தான்.

மூன்றாவது வருடம், பொங்கல் கழிந்த வாரம், மேடத்திடமிருந்து போன் வந்தது. “சார், வந்துடுச்சி. மேஸ்திரி கொல்லைல” என்றார். குரலில் பயம் இருந்தது, அதைவிட அவசரம் அதிகமாக இருந்தது. போனேன். செடிகள் எல்லாம் இடுப்பளவு வளர்ந்து, பூவும் பிஞ்சுமாகச் செழிப்பாக நின்றன. மேடம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் ஒரு பூவைச் சுண்டினார். மிளகுத் தூளைப்போல நாலைந்து கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. விழுந்தவை ஓடின. சுற்றுவட்டாரத்துக் கொல்லைகளில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இதில் மட்டும்தான் இருக்கிறது, இதிலும் வாய்க்கால் பக்கத்து நாலு வரிசையில்தான் அதிகம் என்றார். தங்கை புருஷன் கொல்லை அதுவரை சுத்தமாக இருந்தது. மேஸ்திரி செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பறிப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த வருடக் காய்ப்பை நம்பித்தான் அவர் தங்கை மகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் செய்வதாக இருந்தார். வளையல், பட்டுப்புடவை, பாத்திரம் என்று தட்டு தட்டாக எடுத்துப்போக வேண்டும் என்று கட்டிங்கில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். “புடுங்கிடறேன் சார். தங்கச்சி கொல்லைக்குப் போகக் கூடாது. வெல மட்டும் எதுனா கம்பெனில போட்டுக் குடுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்” என்றார்.

இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்ள வழியிருக்கிறதா என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. பணம் ஒதுக்கும் கமிட்டியைக் கேட்காமல், அவசரத்துக்கு என்று என் கையெழுத்திலேயே கொடுக்கக்கூடிய ஒரு தொகை என்னிடம் இருந்தது. வெள்ளம், தீ விபத்து என்றால் கொடுத்திருப்பேன். செல்போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தூசி விழுந்த வெள்ளைத் தாளைப்போல இருந்தது. செடியைப் பிடித்தேன். விதைக் கம்பெனி விளம்பரத்துக்கே அனுப்பலாம், அத்தனை அழகு. இந்தச் செடியைப் பிடுங்கக் காசு கொடுத்தான் என்று தலைமை அலுவலகத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்றவர்களை வைத்துச் சிரித்தே பிழைத்தவனுக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்பதைவிடப் பெரிய பயம் கிடையாது. “ரெண்டு வாரத்துல கமிட்டி இருக்கு மேஸ்திரி. கண்டிப்பா வாங்கிக் குடுத்துடறேன். அதுவரைக்கும் புடுங்காதீங்க. கொஞ்சம் காயட்டும். அப்பதான் போட்டோல தெரியும்” என்றேன். நோய் முற்றட்டும், பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்கிறோமே என்றுகூட அப்போது உறைக்கவில்லை.

மேடம் என்னைத் தனியே வரப்போரம் அழைத்துப் போனார். “தெரியற அளவுக்கு வந்துடுச்சின்னா அப்பறம் போட்டோதான் சார் மிஞ்சும்” என்றார். நான் விதிமுறை என்றேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாளே தன் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போயிருக்கிறார். மேஸ்திரி வாங்கவில்லை. “டீச்சர்கிட்ட துட்டு வாங்கறது பாவம்மா. அதான் கம்பெனில தர்றேன்னு சார் வாக்கு குடுத்துட்டாரே. இருக்கட்டும், வைக்கச் சொன்னாரு, வைக்கறேன்” என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டாராம். நான் ஒன்றுமே சொல்லாமல் திரும்பி வந்திருந்தால்கூட அந்தச் செடிகள் மறுநாள் எரிந்திருக்கும். என் வாக்குறுதிதான் அவற்றைக் காப்பாற்றி வைத்தது.

இரண்டு வாரத்தில் அருமையான போட்டோ கிடைத்தது. இலையெல்லாம் சுருண்டு, பூவெல்லாம் உதிர்ந்து, பிஞ்சு சொரசொரத்துப் போய்த் தொங்கியது. கமிட்டி ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் தங்கை புருஷன் கொல்லை போயிருந்தது. ஏரிக்குக் கீழே பாதி போயிருந்தது. நெமிலி பக்கத்திலிருந்தும் செய்தி வந்தது. ஒரு கொல்லைக்கு நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கே இனி அர்த்தம் இல்லை என்று, அந்தப் பணத்தோடு இன்னும் நிறையச் சேர்த்து, ஊர் ஊராக மருந்து தெளிப்பான் வழங்கும் விழா நடத்தினோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நாங்கள் அதற்குப் பந்தல் போட்டு மைக்கும் வைத்தோம். கண்டபடி மருந்தடித்ததில் அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சிகள்தான் முதலில் செத்தன. மேடம் இதையும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். நான் படித்திருக்கவில்லை.

விழாவில் முதல் தெளிப்பானை மேஸ்திரிக்குக் கொடுக்க வைத்ததும் என் யோசனைதான். முதலில் பாதிக்கப்பட்டவர், எங்கள் தொழிலாளி, படத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கைகூப்பி வாங்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, ஊரில் எல்லோருடைய போனுக்கும் போனது. அந்தப் படம்தான் அவரைக் கவிழ்த்தது. பூச்சி வந்ததை முதலில் தெரிந்துகொண்டவர் அவர், தெரிந்தும் செடியைப் பிடுங்காமல் வைத்திருந்தவர் அவர், கடைசியில் கம்பெனி மேடையில் முதலில் வாங்கியவரும் அவர் என்று ஊர் கணக்குப் போட்டது. தங்கை புருஷன் நேரிலேயே கேட்டுவிட்டார். “தெரிஞ்சே வச்சினு இருந்த இல்ல? கம்பெனி துட்டுக்காக எங்க வயித்துல அடிச்சிட்டியே மச்சான்!” மேஸ்திரி என் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் சில வருடம் சர்வீஸ் இருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான் ஒருமுறை கட்டிங்கில் அவரிடம் பேச்சை எடுத்தபோது, “வுடுங்க சார். உங்க பேரு எதுக்கு நடுவுல? ஊரு வாய் ரெண்டு மாசத்துல மூடிக்கும்” என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஊர் வாய் மூடவில்லை. தாய்மாமன் சீர் வேண்டாம் என்று தங்கை வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சு அல்ல. மாமன் இருக்கும்போதே மாமன் இல்லாத பெண்ணாக மணமேடை ஏற்றுகிறோம் என்று அர்த்தம். கல்யாணத்தன்று மேஸ்திரி லீவு போடவில்லை. ஏதோ வேலையாகக் கட்டிங் பக்கம் போன நான் அவரைப் பார்த்தேன். மேசைமேல் ஒரு பெரிய தோல் விரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல், “இன்னா மேஸ்திரி, இன்னிக்கு உங்க தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம் இல்ல?” என்று கேட்டாள். “ஆமா” என்று சொல்லிவிட்டு ஒரு வட்டம் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். வட்டத்துக்குள் எந்தப் பழுதும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கல்யாண மண்டபம் அங்கிருந்து அரை மணி நேரப் பயணம். கம்பெனி கார் வாசலில் நின்றது. போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இல்லாவிட்டாலும் அந்தத் தங்கையைத் தனியே கூப்பிட்டு, ‘உங்க அண்ணனைச் செடிய வச்சிருக்கச் சொன்னது நான்தாம்மா’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. நான் என் ஏசி அறைக்குத் திரும்பிப்போய் அந்த வருட அறிக்கைக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்தேன்.

மேடம் பிறகு ஓய்வு பெற்றார். மேஸ்திரியும் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். என்னை ஆலோசகர் என்று சொல்லிக் கம்பெனியில் இன்னும் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. ‘வருமுன் தடுத்தல்’ என்றாலே தலைமை அலுவலகத்தில் எழுந்து நிற்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கேட்டாராம். அடுத்து வரப்போவதாகச் சொல்லப்படும் வேறொரு பூச்சிக்காக, மேடம் அன்று கேட்டதைப் போலவே, அட்டை, ஆராய்ச்சி, தொடாமல் வைக்கும் தொகை என எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கி, அவரையே வீடு தேடிப்போய் அழைத்துவந்திருக்கிறார்கள். நரைத்துப்போய், முழங்கால் வலியோடு, அவரும் வந்தார். என்னைப் பார்த்துப் பழைய மரியாதையோடுதான் பேசினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போன மாதம் ஏரிக்கரை ஊரில் சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஆலோசகனாக நானும் போயிருந்தேன். மேடம் பேசி முடித்து, யார் கொல்லையில் அட்டை கட்டலாம் என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. இந்த முறை பணம் தயாராக இருக்கிறது, அன்றைக்கே கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தார். அப்போதும் உயரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, “துட்டு கெடக்குதும்மா. யார் அட்டைல மொதல்ல மாட்டுதோ அவன்தான் ஊரக் கெடுத்தவன்னு ஆய்டும். மேஸ்திரிக்கு ஆன கதிய நாங்க பாக்கல?” என்றார். மேடம் மேடையிலிருந்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். பணம் இல்லாததால் அன்று ஆராய்ச்சி நடக்கவில்லை. பணம் இருந்தும் இன்று நடக்காது என்றால், அதற்கும் காரணம் நான்தான். பூச்சியை விட ஒரு பயத்தை இந்த ஊரில் நன்றாக வேரூன்ற வைத்திருக்கிறேன்.

எழுந்தேன். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாய்ச்சாலகத்துக்குப் பெயர் போனவனுக்கு அன்று நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல வரவில்லை. அந்த வருடம் மேஸ்திரி பிடுங்கத் தயாராக இருந்தார், வேண்டாம் வைத்திருங்கள் என்று சொன்னது நான், போட்டோவில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன், மேடம் கொடுத்த பணத்தை அவர் வாங்காமல் இருந்ததும் என் வாக்கை நம்பித்தான், அவருடைய பயிருக்கு என்று கம்பெனி ஒரு பைசா கொடுக்கவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். மூன்றாவது வரிசையில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் திரும்பினார். கதவோரம் கடைசி நாற்காலியில் மேஸ்திரி இருந்தார். கூடம் முழுக்க அவரைத்தான் பார்த்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன். அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, கட்டிங்கில் எனக்குப் பதில் சொல்லும் அதே பணிவான குரலில் சொன்னார்.

“சொன்னீங்களே, அது போதும் சார். ஆனா கல்யாணம் முடிஞ்சிபோச்சே.”